சத்தம் போட்டுச் சொல்லாதீர்கள்

பஸ்ஸிலோ ரயிலிலோ போன் வந்தால் குரலைத் தாழ்த்துங்கள். ஸ்பீக்கரை அணையுங்கள். அந்தப் பேச்சை இப்போதே, இத்தனை பேர் நடுவில் பேசியாக வேண்டுமா என்று ஒரு நொடி யோசியுங்கள். பக்கத்து இருக்கைக்காரரின் தூக்கம் கெடுகிறதே என்று இதைச் சொல்லவில்லை. அவர் தூங்கினால் நல்லதுதான். தூங்காமல் கேட்டுக்கொண்டிருந்தால்தான் ஆபத்து.

மதுரையிலிருந்து சென்னை வரும் பகல் ரயிலில் ஒருவரைப் பார்த்தேன். நடுத்தர வயது, நல்ல மனிதர். ஏறியவுடன் எதிரே இருந்த பாட்டியின் பையைத் தூக்கி மேலே வைத்துக் கொடுத்தார். திண்டுக்கல் தாண்டியதும் அவருக்கு இன்ஷூரன்ஸ் சம்பந்தமாக ஓர் அழைப்பு வந்தது. முழுப் பெயர், அப்பா பெயர், பிறந்த தேதி, பாலிசி எண் எல்லாம் சொன்னார். பான் எண்ணை எழுத்து எழுத்தாக, "பி ஃபார் பாம்பே" என்று விளக்கத்தோடு, இரண்டு தடவை சொன்னார். சிக்னல் சரியில்லை என்பதால் இரண்டாவது தடவை இன்னும் உரக்க. அடுத்து கூரியர்காரர். "வீடு பூட்டியிருக்கும் தம்பி, நாங்க செவ்வாக்கிழமதான் வருவோம். பச்சை கேட்டு, உள்ள கைய விட்டா தாழ்ப்பாள் வந்துரும். பார்சலைச் செருப்பு ஸ்டாண்டுல வச்சிருங்க." அதற்கடுத்து மகள். எந்த ஊர் ஹாஸ்டல், எந்த மாடி, ராத்திரி எந்த பஸ்ஸில் வந்து இறங்குகிறாள் என்பதுவரை எங்கள் பெட்டிக்கே தெரிந்துவிட்டது. திருச்சியில் தண்ணீர் பாட்டில் வாங்க இறங்கியபோது ஒரு காரியம் செய்தார். சார்ஜரைப் பிடுங்கிப் பைக்குள் வைத்து, ஜிப்பை இழுத்துப் பூட்டிவிட்டுப் போனார்.

நூற்றைம்பது ரூபாய் சார்ஜருக்கு இருந்த காவல் அவர் மகளின் பஸ் நேரத்துக்கு இல்லை.

இவரைக் கேலி செய்வதற்காகச் சொல்லவில்லை. நம் எல்லோருக்கும் இருக்கிற பழக்கம்தான். எடுத்துச் சொன்னால் எல்லோரிடமிருந்தும் ஒரே பதில் வரும்: "மறைக்க என்ன இருக்கு? நான் என்ன திருடனா?" வீட்டிலும் ஆபீஸிலும் டீக்கடையிலும் இதே கேள்வி. கேட்பவர் தன் நேர்மைக்குச் சான்று காட்டுவதாக நினைத்துக்கொள்கிறார். ஐயா, திருடன் நீங்கள் இல்லை. திருடன் வேறொருவன். அவனுக்கு உதவாதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதும் தெரியாததல்ல. யார் வீட்டில் என்ன குழம்பு, யாருக்கு எங்கே வரன் பார்க்கிறார்கள், யார் நகை அடகில் இருக்கிறது என்று தெருவுக்கே தெரிந்த ஊர்களில் வளர்ந்தவர்கள் நாம். ஆனால் தெருவைப் பற்றி நமக்கும் தெரியும். என் வீட்டு விஷயத்தை வெளியில் பேசினவரை மறுநாள் காலை குழாயடியில் பார்ப்பேன். அவர் வீட்டுக் கல்யாணத்துக்கு நான் மொய் எழுத வேண்டும், என் வீட்டுக் காதுகுத்துக்கு அவர் வந்து உட்கார வேண்டும். இரண்டு பக்கமும் கடன் இருந்ததால் இரண்டு பக்கமும் கொஞ்சம் நாவடக்கமும் இருந்தது. (அந்தத் தெருவை நான் உயர்த்திப் பேசவில்லை. அதன் வாயில் விழுந்து வாழ்க்கை கெட்ட பெண்கள் எத்தனை பேர் என்பது எனக்கும் தெரியும்.) இன்று நிலைமை அதைவிட மோசம். ரயிலில் உங்கள் பிறந்த தேதியைக் கேட்டவர் விழுப்புரத்தில் இறங்கிப் போய்விடுவார். உங்களைப் பற்றி அவருக்கு எல்லாம் தெரியும். அவரைப் பற்றி உங்களுக்கு ஒன்றும் தெரியாது. அவரிடம் போய் நியாயம் கேட்கக் குழாயடியும் இல்லை.

மோசடிக்காரன் போனில் எடுத்த எடுப்பில் பணம் கேட்பதில்லை. உங்கள் பெயரை முழுதாகச் சொல்வான். ஆதாரின் கடைசி நான்கு இலக்கத்தையோ, மகன் படிக்கும் கல்லூரியையோ, போன மாதம் நீங்கள் போய்வந்த ஆஸ்பத்திரியையோ சொல்வான். இவ்வளவு தெரிந்தவன் அதிகாரியாகத்தான் இருக்க வேண்டும் என்று உங்கள் மனமே முடிவு கட்டிவிடும். 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று பயமுறுத்தி, ஓய்வுபெற்ற ஆசிரியர்களையும் வங்கி அதிகாரிகளையும்கூட வீடியோ அழைப்பின் முன்னால் மணிக்கணக்கில் உட்கார வைத்துப் பணம் பறிக்கிறார்களே, அதற்கு இந்த நம்பிக்கைதான் முதல் படி. சட்டத்தில் அப்படியொரு கைதே கிடையாது. 2024 அக்டோபரில் பிரதமரே வானொலிப் பேச்சில் இதை எச்சரித்தார். அப்படியும் படித்தவர்கள் விழுகிறார்கள் என்றால், எதிரில் பேசுகிறவன் கையில் அவர்களைப் பற்றி உண்மையான நாலு தகவல் இருப்பதால்தான். அந்த நாலில் ஒன்றிரண்டு கணினித் திருட்டில் போயிருக்கலாம். மற்றவற்றை நாமே வழியில் சிந்திக்கொண்டு வந்தோம்.

எங்கே சிந்துகிறோம் என்று பார்க்க வேண்டுமானால் தாலுகா ஆபீஸ் பக்கத்து ஜெராக்ஸ் கடைக்குப் போய்ப் பத்து நிமிடம் நில்லுங்கள். ஷட்டருக்கு மேலே கடையின் வாட்ஸ்அப் நம்பரைப் பெரிதாக எழுதி வைத்திருப்பார்கள். "இதுக்கு அனுப்பிவிடுங்க சார், பிரிண்ட் போட்டுடலாம்." அனுப்புகிறோம். ஆதார், பான், குடும்ப அட்டை, சாதிச் சான்று, பேங்க் பாஸ்புக்கின் முதல் பக்கம். கணினித் திரையில் வாட்ஸ்அப் திறந்தபடியே கிடக்கிறது. உங்களுக்கு முன்னால் வந்தவரின் மனைவி பெயரும் அவர் முகமும் திரையில் தெரிகின்றன. உங்களுடையது உங்களுக்குப் பின்னால் நிற்பவருக்குத் தெரியும். பிரிண்ட் போட ஒவ்வொன்றையும் அந்தக் கணினியில் இறக்குகிறார்கள். அவை அங்கேயே தங்கிவிடுகின்றன. வீட்டுக்கு வந்தபின் உங்கள் போனில் 'எல்லாருக்கும் அழி' என்று கொடுத்தாலும் அங்கே ஏற்கெனவே இறக்கி வைத்த நகல் அழியாது. மெஷின் அடியில் ஓர் அட்டைப்பெட்டி இருக்கும். மங்கலாக வந்தது, கோணலாக வந்தது, இருபுறம் கேட்டு ஒருபுறம் வந்தது எல்லாம் அதில் விழும். சாயங்காலம் அந்தத் தாள்கள் எங்கே போகின்றன என்று யாரும் கேட்பதில்லை. யாரோ ஒருவரின் விண்ணப்பப் படிவத்தின் மேல் வைத்துத் தந்த பஜ்ஜியை நம்மில் பலர் தின்றிருக்கிறோம்.

கடைக்காரரைக் குறை சொல்ல மாட்டேன். ஒரு பக்கத்துக்கு இரண்டு ரூபாய் வாங்குகிறவர் அவர். நம் ரகசியத்துக்குக் காவல் இருக்கச் சம்பளமா வாங்குகிறார்? காவல் நம் வேலை. ஆகவே நின்று வாங்குங்கள். கெட்டுப்போன பிரதியை "அதையும் குடுங்க தம்பி" என்று கேட்டு வாங்கிக் கிழித்துப்போடுங்கள். கணினியில் இறக்கிய கோப்பை உங்கள் கண்ணெதிரே அழிக்கச் சொல்லுங்கள். குப்பைத் தொட்டியிலிருந்தும் அழிக்கச் சொல்லுங்கள். கொஞ்சம் முறைப்பார். முறைக்கட்டும். ஆதார் நகலை எங்காவது கொடுத்தே ஆக வேண்டுமென்றால், எந்தக் காரியத்துக்கு, எந்தத் தேதியில் கொடுக்கிறீர்கள் என்பதை அதன் மேலேயே குறுக்காக எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். அந்தத் தாளை இன்னொரு காரியத்துக்குத் திருப்பிவிடுவது கடினமாகும்.

இன்னொரு வழியும் உண்டு, பலருக்குத் தெரியாது. ஆதார் ஆணையத்தின் இணையதளத்திலேயே முதல் எட்டு இலக்கங்களை மறைத்துக் கடைசி நான்கை மட்டும் காட்டும் அட்டையை இறக்கிக்கொள்ளலாம். பல இடங்களில் அது போதும். 2022 மே 27 அன்று அந்த ஆணையத்தின் பெங்களூரு மண்டல அலுவலகம், ஆதார் நகலைக் கண்ட இடத்தில் கொடுக்காதீர்கள், மறைத்த அட்டையைக் கொடுங்கள் என்று அறிவிப்பு வெளியிட்டது. ஊரெல்லாம் பதறியது, ஏனென்றால் லாட்ஜ் முதல் சிம் கார்டு கடைவரை எல்லா இடத்திலும் நகல் கொடுத்தவர்கள் நாம். இரண்டே நாளில், தவறாகப் புரிந்துகொள்ளப்படும் என்று காரணம் சொல்லி மத்திய அரசு அந்த அறிவிப்பைத் திரும்பப் பெற்றது. அறிவிப்புத்தான் போயிற்று, வசதி அப்படியேதான் இருக்கிறது. பயன்படுத்துங்கள். கைரேகையையும் கருவிழிப் பதிவையும் பூட்டிவைக்கும் ஏற்பாடும் அதே இடத்தில் இருக்கிறது. தேவைப்படும்போது திறந்துகொள்ளலாம்.

ஜவுளிக்கடையில் பில் போடும் பெண் தலை நிமிராமல் "போன் நம்பர் சொல்லுங்க" என்கிறார். நாமும் பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒப்பித்தது போல ஒப்பிக்கிறோம். பின்னால் வரிசையில் ஏழெட்டுப் பேர். "எதுக்குமா?" என்று கேட்டால் அவரே "வேண்டாம்னா விடுங்க சார்" என்று அடுத்த கட்டத்துக்குப் போய்விடுவார். பெரும்பாலும் அவ்வளவுதான் விஷயம். எண் கொடுத்தால்தான் பில் என்று வாடிக்கையாளரை வற்புறுத்தக்கூடாது என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதமே வணிகர்களுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. நாம் கேட்பதில்லை. கேட்டால் வம்பு பிடித்தவர் என்று நினைப்பார்களோ என்ற கூச்சம். அந்தக் கூச்சத்துக்குப் பெண்கள் கூடுதலாக விலை கொடுக்கிறார்கள். உத்தரப் பிரதேசத்தில் ரீசார்ஜ் கடைகளில் பெண்கள் சொன்ன எண்களை, தோற்றத்துக்கு ஏற்ப 50 ரூபாயிலிருந்து 500 ரூபாய் வரை விலை வைத்து விற்றதாக 2017இல் செய்தி வந்தது. ஒரு பெண் கவுன்டரில் சொன்ன பத்து இலக்கத்துக்கு அப்படி ஒரு சந்தை. உங்கள் மனைவியின், மகளின் எண்ணைக் கடையில் உரக்கச் சொல்லும்போது இதை நினைவில் வையுங்கள். அது உங்கள் எண்ணும் அல்ல.

டாக்டரைப் பார்க்கப் போகிறோம். டோக்கன் கொடுக்கிறவர் நாற்பது பேர் உட்கார்ந்திருக்கும் இடத்தில் "என்ன பிராப்ளம்?" என்று கேட்கிறார். மூலம், மாதவிலக்கு, குழந்தை இல்லை, தூக்கம் வரவில்லை என்று சொல்லிவிடுகிறோம். "டாக்டர்கிட்ட சொல்லிக்கிறேன்" என்ற இரண்டு சொல்லில் முடிகிற காரியம். பெட்ரோல் பங்கிலும் மீன் கடையிலும் கண்ணாடி கொண்டுவராத பெரியவர்கள் போனைக் கடைக்காரப் பையனிடமே கொடுத்து ரகசிய எண்ணையும் சொல்லிவிடுகிறார்கள். அவர்களைத் திட்டாதீர்கள். ஒரு நாள் மாலை பக்கத்தில் உட்கார்ந்து, எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுத்து, தாங்களே போடப் பழக்குங்கள்.

விவரம் தெரிந்தவர்கள் இப்படிச் செய்ய மாட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். ஆதார் திட்டத்தையே தொடக்கத்தில் நடத்திய அதிகாரி ஆர்.எஸ். சர்மா. 2018 ஜூலையில், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் தலைவராக இருந்தபோது, தன் பன்னிரண்டு இலக்க எண்ணை ட்விட்டரில் எல்லோரும் பார்க்கப் போட்டு, இதை வைத்து எனக்கு என்ன தீங்கு செய்துவிட முடியும் என்று சவால் விட்டார். சில மணி நேரத்தில் அவர் கைபேசி எண், பிறந்த தேதி, முகவரி, பான் எண் என்று ஒவ்வொன்றாக எதிரே வந்து விழுந்தன. ஒருவர் அவர் கணக்கில் ஒரு ரூபாய் போட்டுவிட்டு அதற்கும் ஆதாரம் காட்டினார். எங்கள் தரவுத்தளத்திலிருந்து எதுவும் கசியவில்லை, எல்லாம் ஏற்கெனவே இணையத்தில் கிடந்தவை என்று ஆதார் ஆணையம் சொன்னது. எனக்கு அந்த விளக்கம்தான் சவாலைவிடப் பயமாக இருந்தது. எல்லாம் ஏற்கெனவே கிடக்கிறது. கோத்தெடுக்க ஒரு நூல் கிடைத்தால் போதும். சில நாட்களிலேயே, ஆதார் எண்ணைப் பொதுவெளியில் போடாதீர்கள் என்று மக்களுக்கு அறிவுரை சொன்னதும் அதே ஆணையம்தான். 2020 மார்ச்சில் ஆஸ்திரேலியாவின் முன்னாள் பிரதமர் டோனி அபோட் தன் விமான போர்டிங் பாஸைப் படமெடுத்து இன்ஸ்டாகிராமில் போட்டார். அதிலிருந்த முன்பதிவு எண்ணை வைத்து ஓர் ஆள் அவருடைய பாஸ்போர்ட் எண்வரை போய்விட்டார். நல்லவேளை, அந்த ஆள் அதைத் தவறாகப் பயன்படுத்தாமல் உரியவர்களிடம் தெரிவித்தார்.

சட்டம் காப்பாற்றாதா என்று கேட்பீர்கள். காப்பாற்றும், ஓரளவு. கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி, எண்பதைத் தாண்டிய வயதில், 2012இல் உச்ச நீதிமன்றப் படியேறினார். 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். பொது இடத்தில் நிற்கிறார் என்பதற்காக ஒருவரின் அந்தரங்கம் போய்விடாது என்றும் அந்தத் தீர்ப்பில் உண்டு. ஐந்து ஆண்டு அந்த முதியவர் போராடி வாங்கித் தந்தது அது. 2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்தது; தரவைக் காக்கத் தவறும் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய்வரை தண்டம். ஆனால் அதே சட்டத்தின் தொடக்கப் பிரிவுகளில் ஒரு விலக்கு இருக்கிறது. ஒருவர் தாமே பொதுவில் போட்ட தம் விவரங்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. நீங்களே ஸ்டேட்டஸில் போட்டதை, நீங்களே முகநூலில் எழுதியதை எடுத்து வைத்துக்கொண்டவர் மீது இந்தச் சட்டத்தைக் காட்ட முடியாது. அதைப் போடும் விரல் உங்களுடையது, அதை நிறுத்துவதும் அந்த விரல்தான்.

கடைசியாக, மிகவும் வருத்தத்தோடு, பிள்ளைகள் விஷயம். பன்னிரண்டு வயதுப் பெண் பெரியவளாகிறாள். தெருமுனையில் பத்தடி உயரத்துக்கு ஃப்ளெக்ஸ் வைக்கிறோம். நடுவில் அவள் படம், பட்டுப்பாவாடையில். மேலே அவள் பெயர், கீழே அப்பா அம்மா பெயர், மண்டபம், நேரம், சுற்றிலும் மாமன்மார்கள் கூலிங்கிளாஸோடு. திங்கட்கிழமை அவள் அந்த ஃப்ளெக்ஸைத் தாண்டித்தான் பள்ளிக்கூடம் போக வேண்டும். வகுப்புப் பையன்களும் அதைப் பார்த்துக்கொண்டுதான் வருவார்கள். அவளிடம் யாராவது கேட்டோமா? சடங்கு வேண்டாமென்று நான் சொல்லவில்லை, அது உங்கள் குடும்பம், உங்கள் வழக்கம். உறவுக்குச் சொல்லுங்கள், பந்தி போடுங்கள், சீர் வாங்குங்கள். பஸ் ஸ்டாண்டுக்கு ஏன் சொல்கிறீர்கள்?

பிள்ளைகளின் மனம் நோகக்கூடாது என்றுதான் தமிழ்நாடு அரசு 2017இலிருந்து பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுகளில் மாநில, மாவட்ட முதலிடங்களை அறிவிப்பதை நிறுத்தியது. அரசு நிறுத்தியதை நாம் தொடர்கிறோம். மதிப்பெண் பட்டியலைப் பதிவு எண்ணோடும் பிறந்த தேதியோடும் அப்படியே படமெடுத்து ஸ்டேட்டஸில் ஏற்றுகிறோம். பள்ளிச் சீருடையில், கழுத்தில் அடையாள அட்டை தெரிய, வாசலில் நிற்கும் படம், ஜூன் மாதம் வந்தால் ஊர் முழுக்க. எந்தப் பள்ளி, எந்த வகுப்பு, எந்த வீடு என்று மூன்றும் ஒரே படத்தில். ஆஸ்பத்திரிப் படுக்கையில் மூக்கில் குழாயோடு கிடக்கும் அப்பாவின் படத்தைக் குடும்பக் குழுவில் போட்டு "பிரார்த்தனை செய்யுங்கள்" என்று எழுதுகிறோம். வேட்டி கலைந்திருந்தால் வாசலுக்கே வராத மனிதர் அவர். நினைவு வந்து அதைப் பார்த்தால் என்ன சொல்வார்?

இதுவரை போட்டதில் அழிக்கக்கூடியதை இன்று இரவே உட்கார்ந்து அழியுங்கள். உங்கள் பெயரில் நீங்கள் வாங்காத சிம் ஏதாவது ஓடுகிறதா என்று மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் பாருங்கள். இருந்தால் அங்கேயே புகார் கொடுக்கலாம். பணம் போயிருந்தால் வெட்கப்பட்டு மறைக்காமல், அந்த நிமிடமே 1930க்கு அழையுங்கள். தாமதிக்கிற ஒவ்வொரு மணியும் பணம் இன்னொரு கணக்குக்குத் தாவும். அடுத்த முகூர்த்தத்தில் உங்கள் வீட்டில் விசேஷம் இருந்து, ஃப்ளெக்ஸ் வைக்காமல் தீராது என்று மச்சான்கள் அடம் பிடித்தால், வையுங்கள். கடைக்காரர் பெண்ணின் போட்டோ கேட்பார். பெயரும் கேட்பார். கொடுக்காதீர்கள். மாமன்மார் படத்தையே இன்னும் கொஞ்சம் பெரிதாகப் போடச் சொல்லுங்கள். அவர்கள் யாரும் வேண்டாமென்று சொல்ல மாட்டார்கள்.